முகத்துவாரம் அடைபட்டால் பாடு எதற்கு? பழவேற்காடு: ஒரு நிகழ்வு ஆய்வு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் ஆரணியாற்றில் வரத்து குறையும். அதற்குப் பிறகு பழவேற்காட்டில் எல்லார் கண்ணும் ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தின் பக்கம்தான். கடல் அலை ஓயாமல் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது; உள்ளேயிருந்து அதைத் தள்ளிவிட ஆற்றுத் தண்ணீர் இல்லை. முதலில் படகின் அடி மணலில் உரசும். சில நாள் கழித்து ஆட்கள் இறங்கித் தள்ளினால்தான் படகு நகரும். மழை பொய்த்த வருஷம் என்றால் பங்குனிக்குள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கால் நனையாமல் நடந்துபோய்விடலாம். ஏரி இருக்கிறது, கடல் இருக்கிறது, நடுவில் ஒரு மணல்மேடு. ஊரின் பிழைப்பு அந்த மேட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மீனவர்கள் தமக்குள்ளேயே விதி வகுத்து ஒரு நீர்நிலையைப் பங்கிட்டுக்கொள்வதற்கு உதாரணம் தேடுபவர்கள் பழவேற்காட்டுக்கு வருவார்கள். இங்குள்ள ‘பாடு’ முறை அவ்வளவு பேர்பெற்றது. சர்க்கார் சட்டமில்லை, போலீஸ் இல்லை. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊரே தீர்மானிக்கிறது. இப்படியொரு நல்ல ஏற்பாட்டைக் கையில் வைத்திருக்கும் ஊர், கோடைக்குக் கோடை மண்வெட்டியும் பொக்லைனும் தேடி அலைவது ஏன்? பாடு முறை பழசாகிவிட்டது, அதனால் தோற்றது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பாடு ஏரிக்குள் இருப்பதைப் பங்கிடுகிறது. ஏரிக்குள் என்ன இருக்கும் என்பதோ முகத்துவாரத்தில் தீர்மானமாகிறது. முகத்துவாரத்தின் கதியை நிர்ணயிக்கும் விஷயங்கள் ஒன்றுகூட ஊர்ப் பஞ்சாயத்தின் கைக்கு எட்டுவதில்லை. இந்த ஆய்வு அந்த இடைவெளியைப் பற்றியது.

ஏரியும் ஊரும்

சென்னைக்கு வடக்கே ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. பொன்னேரியிலிருந்து கிழக்கே வரும் சாலை ஏரிக்கரையில் முடிகிறது. பாலம் தாண்டினால் ஒடுங்கிய மணல் திட்டு, அதன்மேல் வரிசையாகக் குப்பங்கள், அதற்கப்பால் வங்கக்கடல்.

ஏரி என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் இது நன்னீர் ஏரி இல்லை. கடலும் ஆறும் கலக்கும் உவர்நீர்க் காயல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இதுதான். நீளம் சுமார் 60 கிலோமீட்டர். பரப்பு பருவத்துக்குத் தக்கபடி 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் வரை விரியும், சுருங்கும். இத்தனை பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் படகோட்டி துடுப்புப் போடுவதில்லை, கழியை ஊன்றித் தள்ளுகிறார். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தமிழ்நாட்டுக்குத் தெற்கு முனை மட்டும். ஆனால் கடலைத் தொடும் முக்கியமான வாய் அந்தத் தெற்கு முனையில்தான். வடக்கே ராயதொருவு, துகராஜப்பட்டினம் பக்கம் உள்ள வாய்கள் ஆந்திரத்தைச் சேர்ந்தவை.

தெற்கே ஆரணியாறு, வடமேற்கே காளங்கி, வடக்கே சுவர்ணமுகி என்று ஆறுகள் இதில் விழுகின்றன. பக்கிங்காம் கால்வாய் ஏரியின் ஊடே போகிறது. கிழக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு. ராக்கெட் ஏவும் நாட்களில் இங்குள்ள மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. வலை கட்டுகிறவருக்கு அமாவாசை, பௌர்ணமியோடு இந்தத் தேதியும் சேர்ந்து ஒரு கணக்கு.

ஊரின் பழைய பெருமை எல்லோரும் எழுதுவதுதான். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை, 1690 வரை அவர்களுடைய சோழமண்டலக் கரைத் தலைமையிடம், இங்கிருந்து கப்பலேறிய துணி, அதே கப்பல்களில் ஏற்றப்பட்ட அடிமைகள், தொல்லியல் துறை காத்துவரும் கல்லறைத் தோட்டம், அதன் வாசலில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். கோட்டை இன்று முட்புதர் மண்டிய மேடு. நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தக் காலத்திலும் பெரிய கப்பல் எதுவும் ஏரிக்குள் வந்ததில்லை. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும்; சரக்கு சிறு படகுகளில் போய்வரும். மணல் வாய் ஒரு சாம்ராஜ்யக் கம்பெனிக்கும் வளைந்து கொடுக்கவில்லை. ஏரியின் வடகோடியில் ஆர்மகான் என்று ஆங்கிலேயர் அழைத்த துகராஜப்பட்டினத்தில் அவர்களும் ஒரு பண்டகசாலை நடத்திப் பார்த்துவிட்டு, 1639இல் தெற்கே மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கிப் பெயர்ந்துபோனார்கள். ஏரியைக் கைவிட்டுப் போனவர்கள் உருவாக்கிய நகரம் பிறகு துறைமுகங்களைக் கட்டியது. அவை பழவேற்காட்டின் கதைக்குள் மறுபடி வரும்.

பாடு

பாடு என்ற சொல்லை முதலில் பார்த்துவிடலாம். மீனவர் பேச்சில் ‘மீன்பாடு’ என்றால் கிடைத்த மீன். வலை போடும் இடத்துக்கும் பாடு என்று பேர். இலங்கையில் கரைவலை இழுக்கும் கரைத்துண்டைப் பாடு என்றே சொல்வார்கள், கிளிநொச்சியில் வலைப்பாடு என்று ஊரே இருக்கிறது. இடம், முறை, கிடைத்தது, பட்ட கஷ்டம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பழவேற்காட்டில் அது ஒரு ஏற்பாட்டின் பெயராகவும் ஆகியிருக்கிறது.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களைச் சேர்ந்த, பட்டினவர் என்ற மீனவச் சாதியினர் பரம்பரையாகப் பாடு உரிமை உடையவர்கள். ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்துக்கு அருகில், இறால் கிடைக்கும் இடங்கள் தனித்தனிப் பாடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே சுத்துவலை கட்டலாம். கழிகளை வரிசையாக நட்டு, அதில் வலையைக் கட்டி, கடல் இறங்கி வற்றுநீர் ஓடும்போது நீரோடு வரும் இறாலை மறிப்பதுதான் அந்த வலையின் வேலை. ஆளில்லாத இடத்தில் சும்மா கட்டினால் பயனில்லை. நீரோட்டம் ஓடும் சரியான இடம் வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் எண்ணிச் சொல்லக்கூடிய அளவுக்கே உண்டு. சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா?

அந்தச் சண்டையைத் தீர்க்க ஊர் கண்டுபிடித்தது முறை. ஊர்களுக்கு நடுவில் நாள் மாறும். ஊருக்குள் தலைக்கட்டுகளுக்கு நடுவில் சீட்டுக் குலுக்கி இடம் பிரிப்பார்கள். தலைக்கட்டு என்பது உரிமையுள்ள ஓர் ஆண் உறுப்பினர். அவர் வரி கொடுக்க வேண்டும், ஊர் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். முறை தப்பி வலை கட்டினால் அபராதம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் இடமே கோர்ட்.

இதிலுள்ள கெட்டிக்காரத்தனம் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. எவ்வளவு இறால் பிடிக்கலாம் என்று பாடு அளவு வைப்பதில்லை. அப்படி ஒரு அளவு வைத்தால் அதைக் கண்காணிக்க ஆள் வேண்டும், தராசு வேண்டும், இரவில் ஒளித்து விற்பவனைத் துரத்த வேண்டும். பாடு கட்டுப்படுத்துவது இடத்தையும் நேரத்தையும். ஒருவர் தன் முறை இல்லாத நாளில் வலை கட்டினால் ஏரியில் இருக்கும் எல்லோர் கண்ணிலும் படும். காவலே தேவையில்லை, அடுத்த முறைக்காரரே காவல். அதோடு, எத்தனை இடமோ அத்தனை வலைதான். வலைகளின் எண்ணிக்கைக்கு இயல்பாகவே உச்சவரம்பு விழுந்துவிடுகிறது. மீன்வளத்தைக் காப்பதற்காக யாரும் இதை உண்டாக்கியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். சண்டையைத் தவிர்க்கத்தான் உண்டாக்கியிருப்பார்கள். வளம் காப்பாற்றப்பட்டது அதன் கிளைப் பலன்.

இறாலின் வழி

பாடு முறையின் மையச் சரக்கு வெள்ளை இறால். மடவை, கொடுவா, கெளுத்தி, சேற்று நண்டு எல்லாம் ஏரியில் உண்டு, நல்ல விலையும் உண்டு. ஆனால் ஊரின் வருமானத்தைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் இறால்தான். அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் முகத்துவாரத்தின் அருமை புரியாது.

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சு இரண்டு, மூன்று வாரம் கடலில் மிதந்து உருமாறி, விரல்நகம் நீளம் வந்ததும் ஏற்றநீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைகிறது. உள்ளே ஆழமில்லாத, அலையில்லாத, தீனி நிறைந்த சேற்றுப் படுகை. பெரிய மீன்கள் துரத்த முடியாத இடம். மூன்று மாதம் போல அங்கே வளர்ந்து, விரல் கனம் பிடித்ததும், மீண்டும் கடலுக்குத் திரும்பப் பார்க்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றுநீரின் இழுப்பு பலமாக இருக்கும் இரவுகளில் கூட்டம் கூட்டமாக வெளியேறும். சுத்துவலை காத்திருப்பது அந்த இரவுகளுக்காகத்தான். இறால் தன் வழியில் போகிறது. வலை வழியில் நிற்கிறது.

இதில் இரண்டு பயணம் இருப்பதைக் கவனியுங்கள். உள்ளே வரும் பயணத்தில் பாடுக்காரருக்குக் கண்ணுக்குக்கூடத் தெரியாத குஞ்சு. வெளியே போகும் பயணத்தில் விலைபோகும் இறால். இரண்டுக்கும் ஒரே வாசல். வாசல் அடைபட்டால் அந்த வாரம் மீன்பாடு குறைவது சிறு நஷ்டம். மூன்று மாதம் கழித்து வலைக்கு வந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை இறால் உள்ளேயே நுழையவில்லை என்பது பெரிய நஷ்டம். கோடை முழுவதும் அடைந்து கிடந்தால், மழை வந்து வாய் திறந்த பிறகும் சில மாதம் ஏரி வெறுமையாகத்தான் இருக்கும்.

அடைபட்ட ஏரிக்குள் வேறொன்றும் நடக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சித்திரை வெயிலில் ஆவியாகும்போது, கடலிலிருந்து புதுத் தண்ணீர் வராவிட்டால், ஏரியின் உப்பு கடலையும் மிஞ்சும். வடபகுதியில் அது 50ஐத் தாண்டுவதுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இதே ஏரி ஏறக்குறைய நன்னீராக இருக்கும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே தாங்கும் உயிர்கள்தாம் இங்கே நிலைக்கும்.

பூநாரையும் இதே கணக்கில்தான் வாழ்கிறது. மழைக்காலம் தொடங்கி மாசி வரை ஆயிரக்கணக்கில் வரும் இந்தப் பறவைகளுக்கு முழங்கால் ஆழத் தண்ணீர் வேண்டும். கழுத்தைத் தலைகீழாக வளைத்துச் சேற்றை அலசி, நுண்ணுயிர்களை அலகில் வடிகட்டித் தின்னும். தண்ணீர் தேங்கி ஆழமானாலும் வராது, வற்றி வெடித்தாலும் வராது. 1980இல் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைக்காக அறிவித்த சரணாலயமும் இறாலுக்காக ஏங்கும் ஊரும் கேட்பது ஒரே ஏற்ற இறக்கத்தைத்தான். ஆனால் முகத்துவாரத்தில் மண்ணைத் தொட வேண்டுமென்றால் வனவுயிர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும். வனத்துறையும் மீனவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதாக வெளியில் தோன்றுவது இதனால்தான்.

மணல் கணக்கு

முகத்துவாரம் ஏன் அடைகிறது? துறைமுகம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வது சுலபம். மேடைப் பேச்சுக்கு அது போதும். ஆய்வுக்குப் போதாது.

சோழமண்டலக் கரையோரமாக மணல் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காலத்தில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து அடிப்பதால் மணல் வடக்கே நகரும். வாடைக்காலத்தில் திரும்பித் தெற்கே வரும். வருஷக் கணக்கில் வரவுசெலவு பார்த்தால் வடக்கே போவது அதிகம். அதனால் முகத்துவாரத்தின் தென்கரையிலிருந்து ஒரு மணல்நாக்கு வடக்கு நோக்கி நீண்டு வாயை மூடப் பார்க்கும். எந்தத் துறைமுகமும் இல்லாத காலத்திலும் இது நடந்ததுதான்.

அதை எதிர்த்து வாயைத் திறந்து வைப்பது இரண்டு சக்திகள். ஒன்று, மழைக்கால வெள்ளம். ஆரணியாறு பெருகி வந்தால் ஒரே இரவில் மேட்டை உடைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் மேலே பிச்சாட்டூர் அணையும் வழிநெடுக ஏரிகளும் தடுப்பணைகளும் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. நல்ல மழை வருஷத்தில் மட்டுமே கடைசி ஊருக்கு வெள்ளம் வந்து சேர்கிறது. இதில் யாரையும் குற்றம் சொல்லிவிட முடியாது, விவசாயிக்கும் தண்ணீர் வேண்டும்தானே. கடலில் போய் விழும் தண்ணீர் வீண் என்று நம் ஊரில் எல்லாக் கட்சியும் சொல்லும். பழவேற்காட்டில் அந்த ‘வீண்’ தண்ணீர்தான் வாசலைத் திறக்கும் சாவி.

இரண்டாவது சக்தி அன்றாட ஏற்றவற்றம். கடல் ஏறும்போது உள்ளே வரும் தண்ணீர், இறங்கும்போது வேகமாக வெளியேறி மணலை அள்ளிக்கொண்டு போகும். எவ்வளவு தண்ணீர் என்பது ஏரியின் பரப்பைப் பொறுத்தது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் 1 லட்சம் கனமீட்டர். நூறு சதுர கிலோமீட்டரில் அதே ஏற்றம் நடந்தால் 1 கோடி கனமீட்டர். அந்த எடை ஒருநாளில் இருமுறை வாய் வழியாகப் போய்வந்தால் மணல் நிற்காது. ஏரி தூர்ந்து, ஓடைகள் குறுகி, கரையில் சீமைக்கருவேலம் ஏறி, சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டைக்குப் போகும் சாலை ஏரியை இரண்டாக வகுத்தால், கடலின் ஏற்றத்தை உணரும் பரப்பு சுருங்கும். தண்ணீர் குறையக் குறைய வாய் குறுகும். வாய் குறுகக் குறுகத் தண்ணீர் இன்னும் குறையும். கடன் வட்டி போல இது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் நோய். ஒருமுறை பொக்லைன் வைத்துத் தோண்டினால் சில வாரத்தில் மறுபடி அடைவதன் ரகசியம் இதுதான். தோண்டியவர்கள் வாயைத் தோண்டினார்கள். வயிற்றை யாரும் தொடவில்லை.

இனி துறைமுகங்கள். வடக்கே நடக்கும் மணலின் குறுக்கே அலைதடுப்புச் சுவர் நீட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கடல் அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா விரிந்ததும் வடக்கே ராயபுரம் கரை கரைந்ததும் நூறாண்டுப் பாடம். எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் சுமார் பத்தாண்டு கழித்து வந்தது. இரண்டும் பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதாவது மணல் வரும் திசையில். காட்டுப்பள்ளிக்கு வடக்கே உள்ள கடற்கரைக் குப்பங்கள் அரிப்பைப் பற்றி முறையிடுவது இந்தப் பாடத்தின்படி எதிர்பார்க்க வேண்டியதே. அரிக்கப்பட்ட மணல் காற்றில் கரைந்துபோவதில்லை. வடக்கேதான் நகர்கிறது, அங்கே முகத்துவாரம் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள திட்டு சில இடங்களில் மிக ஒடுங்கியது. அது அரிக்கப்பட்டு உடைந்தால் ஏரிக்குப் புதிய வாய்கள் தவறான இடங்களில் திறக்கலாம். துறைமுக விரிவாக்கத்தை இங்குள்ள மீனவர்கள் எதிர்ப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். என் மதிப்பீடு இது: துறைமுகம் இந்த நோயை உண்டாக்கவில்லை, ஆனால் ஏற்கெனவே பலவீனமான உடம்பில் அது விழுந்த இடம் மோசமானது.

எண்ணூர்ப் பக்கமிருந்து இன்னொரு விருந்தாளியும் வந்திருக்கிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒருவகை மட்டி. இங்குள்ளவர்கள் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். கப்பல்களின் வழியாக வந்திருக்க வேண்டும். படுகையில் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்து, இறால் புதையும் சேற்றை மூடிவிடுகிறது. சேற்றுக்குள் கைவிட்டு இறால் துழாவுகிறவர்களின் கையைக் கிழிக்கிறது.

முறைக்கு வெளியே நிற்பவர்கள்

கைவிட்டுத் துழாவுகிறவர்கள் என்றதும் இருளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். வலை இல்லை, படகு இல்லை. பாடு முறையில் அவர்களுக்குச் சீட்டும் இல்லை.

பாடு முறையைப் புகழ்ந்து எழுதும் பலர் இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாடு உரிமையுள்ளவர்களுக்குள் சமத்துவம் தந்தது. உரிமையுள்ளவர் யார் என்பதைச் சாதியும் ஊரும் ஆண்பிள்ளை என்பதும் தீர்மானித்தன. தலையில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்தான் வீட்டின் கையிருப்பைக் கணக்குப் பார்ப்பவள், ஆனால் தலைக்கட்டு அவள் பேரில் எண்ணப்படுவதில்லை. ஸ்ரீஹரிக்கோட்டையில் விண்வெளித் தளம் வந்தபோது இடம்பெயர்ந்த குடும்பங்களும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. அவர்களும் மீன்பிடித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் நல்ல இடங்களெல்லாம் ஏற்கெனவே பேர் வைத்துப் பிரித்தாகிவிட்டது.

இறால் வெறும் குழம்புச் சரக்காக இருந்தவரை இது பெரிய பூசலாகவில்லை. ஏற்றுமதி வந்து விலை ஏறியதும் நிலைமை மாறியது. ஏரிக்கரை ஊர்கள் எல்லாம் இறால் வலை கேட்டன, மூன்று ஊரும் பரம்பரை உரிமை என்றன. வழக்கு, பேச்சுவார்த்தை, சில சமயம் கைகலப்பு. ஏரிக்கரையில் இறால் பண்ணைகளும் முளைத்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகள் பற்றிய வழக்கில் தந்த தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஏரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1000 மீட்டருக்குள் பண்ணைக் குளங்கள் கூடாது என்றது. பண்ணைக்காரருக்கு எதிராக ஏரிக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. ஊருக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள வழக்கை எந்தத் தீர்ப்பும் தீர்க்க முடியாது.

முகத்துவாரம் அடைபடுவது இந்தப் பூசலை என்ன செய்கிறது என்பதே இந்த ஆய்வில் எனக்கு மிகவும் ஆர்வம் தந்த கேள்வி. பாடுகளின் மதிப்பு வாயின் இருப்பிடத்தை வைத்து. வாய்க்கு அருகில், ஓட்டம் வேகமாக உள்ள இடம் முதல்தரம். மணல்நாக்கு நீண்டு வாய் வடக்கே தள்ளிப்போனால் முதல்தர இடம் மூன்றாந்தரமாகிவிடும். நேற்றுவரை யாரும் சீந்தாத இடத்தில் ஓட்டம் பிறக்கும். பெயரும் எல்லையும் வைத்த பாடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, இறால் வேறு பாதையில் போகிறது. சுழற்சி முறை இந்த மாற்றத்தைக் கொஞ்ச தூரம் தாங்கும், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் எல்லாருக்கும் சுற்றி வரும். முழுக்க அடைந்துவிட்டால் சுற்றி வருவதற்கு ஒன்றும் இருக்காது. அப்போது பாடுக்காரர், பாடில்லாதவர் என்ற பேதம் போய் எல்லோரும் ஒரே கரையில் நிற்பார்கள். மண் அள்ளும் வேலைக்கு மட்டும் பகையூர்கள் சேர்ந்துகொள்வது அதனால்தான்.

ஏரித் தொழிலே செய்யாத கடல் தொழில்காரர்களுக்கும் வாய் வேண்டும். ஃபைபர் படகுகளை அலையில்லாத ஏரிக்குள் கட்டிவைத்து, விடியலில் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறார்கள். வாய் ஆழமில்லாமல் போனால் அலை மேட்டில் உடையும். குறுக்கே மாட்டிக்கொண்ட படகு புரண்டுவிடும். இறாலுக்குத் தேவை ஓட்டம், படகுக்குத் தேவை ஆழம், மழைக்காலத்தில் ஏரியோர விவசாயிக்குத் தேவை வெள்ளம் சீக்கிரம் வடிவது. மூன்றும் ஒன்றல்ல. ஓரளவு திறந்த வாய் இறாலுக்குப் போதும், படகுக்குப் போதாது.

மாற்றுப் பிழைப்பு என்று ஒன்று சொல்வார்கள், சுற்றுலா. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலாப் பயணிகளின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. பனையோலைக் கூடை பின்னும் முஸ்லிம் பெண்களின் கைத்தொழில் ஒன்று இருக்கிறது. அழகானது, ஆனால் ஏரி தரும் பிழைப்புக்கு அது ஈடாகாது.

கல்சுவர்

பல வருஷம் இரண்டே வழிதான் இருந்தது. ஊர் வரி போட்டு இயந்திரம் அமர்த்திச் சொந்தச் செலவில் தோண்டுவது. அல்லது மனுக் கொடுத்து, மறியல் செய்து, அரசு தோண்டும்வரை காத்திருப்பது. இரண்டிலும் தோண்டிய மணலைப் பக்கத்திலேயே கொட்டினால் அடுத்த அலை திருப்பிக் கொண்டுவந்துவிடும். பின்னர் நிரந்தரத் தீர்வாக, வாயின் இருபுறமும் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டும் திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு 26.85 கோடி ரூபாய் ஒதுக்கியது. சரணாலயம், கடலோர ஒழுங்குமுறை என்று பல அனுமதிகளைத் தாண்டித்தான் வேலை தொடங்க முடிந்தது.

சுவர் செய்யும் வேலை எளிமையானது. தெற்கிலிருந்து வரும் மணலை வாய்க்கு முன்பே மறித்துவிடும். இரண்டு சுவருக்கு நடுவில் ஓட்டத்தைக் குறுக்கி வேகப்படுத்தும். ஊர் கேட்டது இதைத்தான், கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மணல் கணக்கில் சொன்ன பாடம் இங்கும் மாறாது. இது சின்ன அளவில் ஒரு அலைதடுப்புச் சுவர். தென்பக்கம் மணல் சேரும். நாளாவட்டத்தில் சுவரின் நுனியைச் சுற்றிக்கொண்டு வரும். வடபக்கம் ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவின் தென்முனைக்கு மணல் வரத்து குறையும். சேரும் மணலை வருஷாவருஷம் அள்ளி வடபக்கம் கொண்டுபோய்ப் போட ஒரு ஏற்பாடும் அதற்கான பணமும் இருந்தால் சுவர் நிற்கும். கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவதில் நம் அரசுகள் தாராளம், பராமரிப்பதில் அப்படியில்லை. ஏரியின் உட்புற ஓடைகளைத் தூர்வாருவதும் ஆரணியாற்றிலிருந்து பருவத்தில் ஒருமுறையாவது வெள்ளத்தைக் கடைசிவரை வரவிடுவதும் சேராமல், சுவர் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. பிந்தைய யோசனைக்கு இரண்டு மாநிலம் உட்கார்ந்து பேச வேண்டும். அணை ஆந்திரத்தில், அடைபடும் வாய் தமிழ்நாட்டில்.

இன்னொன்று யாரும் அதிகம் பேசாதது. சுவர் வந்தால் வாய் ஒரே இடத்தில் நிலைத்துவிடும். இதுவரை வாயோடு சேர்ந்து நகர்ந்த நல்ல இடங்களும் நிலைத்துவிடும். பாடுகளுக்கு அருகில் அது நிலைத்தால் மூன்று ஊருக்கும் நிரந்தர ஆதாயம். தள்ளிப்போய் நிலைத்தால் நிரந்தர நஷ்டம். இயற்கை வருஷத்துக்கு வருஷம் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்த சீட்டுக்கட்டை ஒரு பொறியாளரின் வரைபடம் ஒரே தடவையில் விரித்து வைத்துவிடுகிறது. இதைப் பற்றி ஊர்களைக் கூட்டி, இருளர்களையும் இடம்பெயர்ந்து வந்தவர்களையும் உட்காரவைத்து, புதிய ஓட்டத்துக்கு ஏற்பப் பாடுகளை மறுபடி அளந்து பிரிக்கும் பேச்சு முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கத் தெரிந்த ஊருக்கு அது புதுக் கலை இல்லை.

சுவர் எழுந்து முடியும்வரை பழைய வழிதான். வரி வசூலாகி, இயந்திரம் வந்து, பங்குனி அமாவாசைக்கு முன் எப்படியாவது ஒரு கால்வாய் அளவுக்கு வாய் திறந்தால், அன்றிரவு ஏற்றத்தில் கடல் தண்ணீர் சலசலத்து உள்ளே ஓடும். அதோடு நுழையும் குஞ்சு யார் கண்ணிலும் படாது. அது வளர்ந்து வலைக்கு வர ஆனி ஆகும். அதற்குள் முறை எத்தனையோ தடவை மாறியிருக்கும். பங்குனியில் வரி கொடுத்தவரின் பாடு இடத்தில்தான் ஆனி மாத இறால் விழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போட்டால் வரி வந்துவிடுகிறது.